ஐஸ் அக்காவின் போன்

எங்கள் ஆய்வகத்தில் அவரை ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கையில் ஐஸ் வாளி இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. தக்காளிச் செடியை வாடவைக்கும் ஒரு பாக்டீரியா, தன் மரபணுக்களை எந்தெந்த இடத்திலிருந்து படியெடுக்கத் தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. கணினியில் படம் போடுவது நான். படியெடுத்த நகலான ஆர்.என்.ஏ.வைப் பிரித்துத் தருவது அக்கா.

ஆர்.என்.ஏ. சரியான தொட்டாற்சுருங்கி. வெறும் விரல் பட்டாலே துண்டு துண்டாகிவிடும். தலை போன துண்டை வைத்துக்கொண்டு தொடக்கத்தை எங்கே தேடுவது? அதனால் அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தார்: போன்கள் எல்லாம் வெளியே அலமாரியில்தான். ஒருமுறை கையுறையோடு மூக்கைச் சொறிந்துவிட்டு அவரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

அவர் கணவர் பஸ் ஓட்டுநர். நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சு நின்று ஒரு வாரமாகியிருந்தது. ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா என்று அக்கா தவியாய்த் தவித்தார். அன்று நாத்தனாரைத் துணைக்கு வைத்துவிட்டு வேலைக்கு வந்தார். வாடிய தண்டிலிருந்து பாக்டீரியாவை எடுக்கும் நாள். எடுத்த கையோடு சோதனைக் குழாயில் அடைத்துக் குளிரில் போட வேண்டும். தாமதித்தால் அது செடிக்குள் செய்ததை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கத் தொடங்கிவிடும். பாதியில் கைமாற்ற முடியாது.

அலமாரியில் போன் அடித்தது. நான் எழுந்தேன்.

"விடுப்பா, இதோ முடிஞ்சிடும்" என்றார் அக்கா, அடுத்த தண்டை எடுத்தபடி.

மறுபடியும் அடித்து ஓய்ந்தது. கடைசிக் குழாயை ஐஸில் புதைத்துவிட்டுத்தான் அக்கா திருப்பிக் கூப்பிட்டார். எடுத்தது நாத்தனார்.

"அண்ணனுக்குப் பேச்சு வந்துச்சு அண்ணி. உங்களுக்குப் போன் போடச் சொன்னாரு. போட்டேன், நீங்க எடுக்கல. இப்ப... அண்ணன் போயிட்டாரு."

அன்றைய குழாய்கள் பிரமாதமாக வந்திருந்தன. செடிக்குள் மட்டுமே தென்படும் தொடக்கங்கள் படத்தில் பளிச்சென்று தெரிந்தன. ஆய்வகத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கோ அந்தப் படத்தைக் கிழித்துப் போடலாம் போல எரிச்சல்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு, "என்ன சொல்ல வந்தாரோ" என்றார்.

இப்போது அக்காவின் போன் அலமாரியில் இருப்பதில்லை. சுத்தமான உறைக்குள் வைத்து ஒட்டி, ஐஸ் வாளிக்குப் பக்கத்தில் மேசைமேலேயே வைத்திருக்கிறார். சட்டம் என்ன ஆயிற்று என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. அது அடிப்பதும் இல்லை.