கடைசி வளைவில் நின்றவர்

தொண்ணூறுகளில், ராஜபாளையத்தில் மூடிக்கிடந்த ஒரு மில் மைதானத்தில் பைக் ரேஸ் பழக்கியவரை நாங்கள் மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். எந்த வெயிலிலும் முழங்கையில் ஒட்டுப்போட்ட தோல் சட்டையைக் கழற்ற மாட்டார். தடத்தின் கடைசி வளைவில், விழுந்தால் அடிபடாமல் இருக்கக் கழிவுப் பஞ்சுப் பொதிகளை அடுக்கியிருந்தார்.

முதல் நாளே இரண்டு முறை அந்தப் பொதிகளில் போய் முட்டினேன். போதாததற்கு, ஊர்ப் பழக்கத்தில் வளைவுக்கு வளைவு ஹாரன் வேறு அடித்தேன்.

“யாருக்குலே ஹாரன் அடிக்க? எதுக்க பஸ்ஸா வருது?” என்றார் மாஸ்டர். “பொதியவே பாத்தா பொதிக்குத்தான் போவ. என்னையப் பாரு.”

வளைவு முடியும் இடத்தில், தடத்தை ஒட்டிப் போய் நின்றார்.

“அப்ப உங்க மேலல்லா ஏத்திருவேன் மாஸ்டர்!”

“ஏத்த மாட்ட. வாலே.”

வேகத்தைக் குறைக்காமல் வண்டியைச் சாய்த்தேன். அவர் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கால் மட்டும் அசையவில்லை. ஹாரன் நினைவே எனக்கு வரவில்லை. ஒரு முழ இடைவெளியில் அவரைக் கடந்தபோதுதான் கவனித்தேன். கண்களை இறுக மூடியிருந்தார்.

நான் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அடுத்த பையன் வண்டியைக் கிளப்பிய சத்தம் கேட்டதும், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபடி அதே இடத்தில் போய் நின்றார்.