சரிவுப் பக்கம் ஓடியவள்

தியாகிகளோடு குடித்தனம் பண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு எரிச்சல் பிடித்த வேலை என்று. என் நாத்தனார் பதினோரு வருடமாக எங்களோடு இருக்கிறாள். பதினோரு வருடமும் கைப்பிடி போன கோப்பையில்தான் காப்பி. புதிதாக ஒன்று வாங்கி வைத்தால் அது அவள் அண்ணன் கைக்கு, அதாவது என் வீட்டுக்காரர் கைக்குப் போய்விடும். மழைக்கு ஒழுகும் ஜன்னலோரக் கட்டில் அவளுடையது. "எனக்கு இதுவே போதும் அண்ணி" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு உச்சிக்கு ஏறும்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில். தரைத்தளத்துக்கும் கீழே, ஜன்னலே இல்லாத நீள அறை. நீராவி புஸ்ஸென்று கிளம்பும் இஸ்திரி மேசைகள் ஆறு. எட்டு மணி நேரமும் நின்றபடியே விரிப்பும் தலையணை உறையும் தேய்க்க வேண்டும். அதே தளத்தில், நடைவழிக் கோடியில் டெலிபோன் அறை. அங்கே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர்தான் இவளுடைய உயிர்த்தோழி. ஆபரேட்டருக்கு இருபத்தாறு வயதில் பார்வை போய்விட்டது, இப்போது நாற்பதாகிறது. நடைவழியில் யார் வந்தாலும் காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். நான் போனால், "அக்கா சண்டைக்கு வராங்க" என்பாள். பெரும்பாலும் அது உண்மையாகத்தான் இருக்கும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆபரேட்டர் சும்மா சொல்லியிருக்கிறாள்: "பதினாலு வருஷமா யாராவது ஒருத்தர் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போறேன். ரெண்டு கையையும் வீசிக்கிட்டு ஒரு தடவையாவது ஓடணும்." போதாதா? என் நாத்தனார் அன்று மாலையே ஒரு பழைய குளியல் அங்கியின் நாடாவை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் வளையம் தைத்தாள். ஒரு வளையம் இவள் விரல்களில், இன்னொன்று அவள் விரல்களில். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவர்கள் மறுநாள் காலை பூங்காவைச் சுற்றியிருக்கும் தார்ப்பாதையில் ஓட ஆரம்பித்தார்கள். அரைச் சுற்று ஒரு சுற்றாகி, ஒரு சுற்று ஆறாகி, ஏழாம் மாதத்தில் ஊரில் நடக்கவிருந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இருவரும் பெயர் கொடுத்தார்கள். அன்று ஆபரேட்டர் எனக்கு போன் பண்ணி, "அக்கா, நான் இப்போ ஓட்டக்காரி" என்றாள். பேசும்போதே சிரிப்பு வழிந்தது.

அதற்கப்புறம்தான் நாத்தனாரின் இடது பாதம் வீங்கியது. மேல்பக்கத்தில், இரண்டாம் விரலுக்கு நேராக. என்ன என்று கேட்டால் செருப்பு கடித்தது என்றாள். செருப்பு என்றைக்கு மேல்நோக்கிக் கடித்தது? நான் கேட்டால் மழுப்பலாம், ஆபரேட்டரிடம் நடக்குமா?

"உன் இடது கால் தாமதமா விழுது."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"சத்தம் பொய் சொல்லாது. டாக்டரைப் பாரு. பார்க்கலைன்னா நாளைக்கு நான் வரமாட்டேன்."

இவள் போனாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. "வலி இருக்கிறதால ரெண்டு வாரம் ஓடாம இருங்க, அப்புறம் மறுபடி பார்ப்போம்" என்று டாக்டரம்மா சொன்னதில், "ஒன்றும் இல்லை" மட்டும்தான் இவள் காதில் ஏறியது. படத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து டியூப் லைட்டில் தூக்கிக் காட்டினாள், பரீட்சையில் பாஸானவள் மாதிரி. மறுநாளே ஓட்டம். கால் தாமதமாக விழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள், தோழிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று. இப்படியே இரண்டு வாரம். பதினைந்தாம் நாள் இஸ்திரி மேசை முன்னால் நிற்க முடியாமல் விரிப்புக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த முறை ஆபரேட்டரும் நானும் கூடவே போனோம். இவள் வாய்மொழியை நம்பத் தயாராக நாங்கள் யாரும் இல்லை.

டாக்டரம்மா பாதத்தின் மேல் ஒரே ஒரு விரலை வைத்து அழுத்தினார். என் நாத்தனார் நாற்காலியை விட்டே எழும்பினாள். புதுப் படத்தில் ஒரு எலும்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு திட்டு.

"எலும்பு படார்னு உடையலம்மா. ஒரே இடத்துல திரும்பத் திரும்ப பாரம் விழுந்து, மயிரிழை மாதிரி கீறல் விட்டிருக்கு. முதல் படத்துல பல பேருக்கு இது தெரியாது. உடம்பு அதைச் சரிபண்ணப் புது எலும்பு போடும்போதுதான் இப்படி வெள்ளையாத் தெரியும். அதுசரி, எங்க ஓடுறீங்க?"

"பூங்காவுல."

"பாதை சமமா இருக்குமா?"

நாத்தனார் ஆபரேட்டர் பக்கம் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில் சொன்னாள். பாதையின் உள்பக்கம் சமம். வெளிப்பக்கம் மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சரிவு. எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும் என்று பலகை வேறு. "நான் வெளிப்பக்கம் ஓடுவேன்."

"எப்பவாவது?"

"தினமும்."

"ஏழு மாசமாவா? நின்னு பார்க்கிற வேலை, திடீர்னு இவ்வளவு ஓட்டம், அதுவும் தினமும் ஒரே காலைச் சரிவுல போட்டு. அந்தக் கால் வேற என்னதான் பண்ணும்?"

ஆறு வாரம் முழங்கால் வரை ஏறும் கனமான பூட்ஸ், சுண்ணாம்புச் சத்து மாத்திரை, நிற்கவே கூடாது, ஓட்டம் என்ற பேச்சே கூடாது. சீட்டை நான் வாங்கிக்கொண்டேன். வாசலுக்கு வந்ததும் ஆபரேட்டர் தன் பையிலிருந்து நாடாவை எடுத்து என் நாத்தனாரின் கையில் வைத்து, "நான் இனி ஓடலை" என்றாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள், அவ்வளவுதான்.

பூட்ஸ் வந்த பிறகு வீட்டில் என் ராஜ்ஜியம். உட்காரு என்றால் உட்கார வேண்டும். அவள் கையில் புதுக் கோப்பையைக் கொடுத்தேன். எழுந்துபோய் மாற்ற முடியாததால் குடித்தாள். சலவைக்கூடத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்துத் துண்டு மடிக்கக் கொடுத்தார்கள். கால் ஆறியது. ஆள்தான் ஆறவில்லை. ஆபரேட்டர் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டாளாம். நடைவழியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் டெலிபோன் அறைக் கதவு சாத்திக்கொள்ளுமாம். ஊர் ஓட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "கால் போனா போகுது அண்ணி. அவ ஓடறதை நான் கெடுத்துட்டேன்" என்றாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. எனக்குக் கோபம்தான் சௌகரியம். திங்கட்கிழமை நேராக டெலிபோன் அறைக்குப் போனேன்.

"அக்கா சண்டைக்கு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"ஆமா, சண்டைக்குத்தான் வந்திருக்கேன். ஒரு மனுஷி உனக்காக..."

"ஒரு நிமிஷம். வணக்கம், நானூத்தி ஏழா? இணைக்கிறேன். சொல்லுங்கக்கா."

"உனக்காக எலும்பு கீறிக்கிட்டு பூட்ஸோட நொண்டிக்கிட்டு இருக்கா, நீ என்னடான்னா..."

"வணக்கம், சாப்பாட்டுக்கூடம் எட்டு மணி வரைக்கும் சார்." என் கோபம் நானூற்று ஏழுக்கும் சாப்பாட்டுக்கூடத்துக்கும் நடுவில் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு அவளே காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

"அக்கா, அந்தப் பாதை அருமையான பாதை, கண்ணாடி மாதிரி சமம்னு நான் பார்க்கிறவங்க கிட்டல்லாம் சொல்லிட்டு இருந்தேன். பாதையில ஒரு பக்கம் சரிவுன்னு அவ எனக்குச் சொல்லவே இல்ல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஒரு நாள் அவ, ஒரு நாள் நான்னு வச்சிருக்கலாம். சரிவுல ஓட எனக்குக் கால் இல்லையா? கண்ணுதானே இல்ல?"

பதினோரு வருடமாக நான் கத்திக்கொண்டிருந்ததை இவள் நாலு வரியில் சொல்லிவிட்டாள்.

"இதை என்கிட்ட சொல்லாத. அவகிட்டயே சொல்லு" என்றேன். "அவ உன்னைக் கேக்காம முடிவு பண்ணினா. நீயும் இப்போ அவளைக் கேக்காமத்தான் கதவைச் சாத்துற. ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?"

டெலிபோன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அந்த ஹோட்டலில் அப்படி ஒன்று நடந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அந்த வாரமே டெலிபோன் அறைக் கதவு பூட்ஸ் சத்தத்துக்குத் திறந்துகொண்டதாம். பூட்ஸைக் கழற்றி ஒரு மாதம் நடை. அதன் பிறகு டாக்டரம்மா அனுமதி கொடுத்தார்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் இருபது நிமிடம், பாதி நேரம் சமமான பக்கம். முதல் நாள் காலை நானும் போனேன், காவலுக்கு. ஆபரேட்டர் பூங்கா வாசலில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். கையை நீட்டி நாடாவை வாங்கிக்கொண்டாள். "இன்னிக்கு நான் வெளிப்பக்கம்" என்றாள்.

"வேணாம்டி, ஓரத்துல கல்லு இருக்கு."

"கல்லு வந்தா கல்லுன்னு சொல்லு. அதுக்குத்தான் நீ."

இருவரும் கிளம்பினார்கள். நான் பின்னால் மூச்சிரைக்க நடந்தேன். ஆபரேட்டர் சரிவில் முதல் பத்தடி தடுமாறினாள், பிறகு பழகிக்கொண்டாள். என் நாத்தனார் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்தப் பாதையின் நல்ல பாதியில் ஓடினாள். "கல்லு" என்றாள், "வளைவு" என்றாள். அப்புறம் குரல் நின்றுவிட்டது.

"என்ன, அழறியா?"

"இல்ல. வியர்வை."

"வியர்வை மூக்கை உறிஞ்சாது. ஓடு."

"இந்தப் பக்கம் ரொம்ப நல்லா இருக்குடி" என்றாள் என் நாத்தனார்.

"நல்லா இருக்குல்ல? அரைச் சுத்து வரைக்கும் உன்னோடது" என்றாள் ஆபரேட்டர். "அப்புறம் எனக்குத் தரணும்."