கடிதத் துவாரத்தை அடைத்த வியாழக்கிழமை

இல்ஃபோர்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குள் குளிர்காற்று எந்தெந்த வழியால் நுழைகிறது என்று கண்டுபிடிக்க அப்பா ஒரு முறை வைத்திருந்தார். தீபாவளி கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாமித்தட்டிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்திக்கொண்டு அறை அறையாக நடப்பார். புகை நேரே மேலே போனால் அந்த இடத்தில் குறையில்லை. புகை சாய்ந்தால் அங்கே ஓட்டை. அம்மா டேப்பும் கத்தரிக்கோலுமாகப் பின்னாலே போய் அந்த இடத்தை ஒட்டுவார். சாமிக்கு வாங்கிய ஊதுபத்தியை யன்னலுக்குக் காட்டுகிற மனிதரைத் தான் வேறெங்கும் கண்டதில்லை என்று ஒவ்வொரு வருடமும் முணுமுணுப்பார். ஒட்டுவதை மட்டும் நிறுத்தமாட்டார்.

அது நூறு வயது தாண்டிய செங்கல் வீடு. யன்னல்களுக்கு ஒற்றைக் கண்ணாடி. ஹீட்டிங்கை எவ்வளவு நேரம் போட்டாலும் சூடு தெருவுக்குத்தான் போய்ச் சேரும். அதனால் அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். முன்னறை ஒன்றுக்கு மட்டும் சூடு. சாப்பாடு, வீட்டுப்பாடம், தொலைக்காட்சி, சண்டை எல்லாம் அந்த அறைக்குள்தான். கண்ணாடிச் சாமான் சுற்றி வருகிற குமிழ் பிளாஸ்டிக்கை நனைத்து யன்னல்களில் ஒட்டியிருந்தோம். உள்ளே வந்த காற்று வெளியே போக வழியில்லாததால் மீன்குழம்பும் தாளிதமும் எங்கள் கோட்டுகளில் குடியேறிவிட்டன. பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் நான் யாரும் பார்க்காதபோது என் கையை மோந்து பார்ப்பேன். எனக்கு அப்போது பதினொரு வயது. அந்த வயதில் நான் பட்ட வெட்கமெல்லாம் அந்த வீட்டைப் பற்றியதுதான்.

வீட்டின் பெரிய ஓட்டை முன்கதவில் கடிதம் போடுவதற்கென்று வைத்த துவாரம். ஊதுபத்திப் புகை அங்கே சாய்வதில்லை, ஓடும். அம்மா தன் பழைய சிவப்பு நைலெக்ஸ் சேலை ஒன்றைச் சுருட்டி உள்ளிருந்து இறுக்கி அடைத்தார். அதன் நுனி நாலு விரல் அளவுக்கு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் துவாரத்தை அடைத்தால் கடிதம் எப்படி வரும்? அதற்குத்தான் சித்தப்பா இருந்தார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. அதற்கு முந்தைய வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்தார். நேர்முகத்துக்கு அழைக்கிற கடிதம் வரவேண்டும். அதில் கேஸ் சரிவந்தால்தான் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்துக்கொண்டிருந்த சித்தியையும் மகளையும் அழைக்கலாம். அவர் புறப்பட்டபோது மகளுக்கு இரண்டு வயது. கேஸ் சரிவராமல் அவருக்கு வேலை செய்யவும் அனுமதியில்லை. ஆகவே தினமும் காலை பத்து மணிக்குச் சேலையை உருவி மடியில் வைத்துக்கொண்டு, கோட்டும் குரங்குத் தொப்பியுமாக மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிடுவார். போஸ்ட்மன் வந்து போனபிறகு திருப்பி அடைப்பார். அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வீட்டுக்குள் குளிர் தாராளமாக உலாவும். விடுமுறை நாட்களில் நான் போர்வைக்குள்ளிருந்து அதற்குச் சிணுங்குவேன். 'கொஞ்சம் பொறு பிள்ளை' என்பார்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி பூங்காவுக்கு அருகில் இருந்தாள். மலேசியத் தமிழ்க் குடும்பம். அவளுடைய அப்பா படிக்க வந்து இங்கேயே உத்தியோகம் பார்த்துத் தங்கிவிட்டவர். அவர்கள் வீட்டில் இரட்டைக் கண்ணாடி யன்னல். ஜனவரி மாதத்தில் அவள் வெறுங்காலோடு, அரைக்கைச் சட்டையோடு நடந்து திரிவாள். நான் போனபோது அவள் அம்மா கோட்டைக் கழற்றச் சொல்லி வாங்கி அலமாரியில் மாட்டினார். மாட்டுமுன் அவர் மூக்கு லேசாகச் சுருங்கியதாக எனக்குத் தோன்றியது. ஒருவேளை சுருங்காமலும் இருந்திருக்கலாம். ஒருநாள் அவள் எங்கள் தெருவால் போனபோது கதவைப் பார்த்துவிட்டு, உங்கள் வீடு என்னைப் பார்த்து நாக்கை நீட்டுகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்குள் வந்தபிறகு அழுதேன்.

பெப்ரவரி அரைத்தவணை விடுமுறையில், ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, பள்ளி வேலை ஒன்றைச் சேர்ந்து செய்ய அவள் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. அவளாகவே கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வியாழக்கிழமைகளில் சித்தப்பா குடிவரவு அதிகாரிகள் முன் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். மற்ற வியாழன்களில் அம்மா வீட்டில் நிற்பார். அன்றைக்கு அவருக்குக் கடையில் ஷிப்ட். அப்பா பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து வந்து மேலே தூங்கிக்கொண்டிருந்தார். சித்தப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"பிள்ளை, பத்து மணிக்குத் துணியை எடுத்துவிடு. போஸ்ட்மன் போனாப் பிறகு திருப்பி அடை. மறந்திடாதை, என்ன?"

ஓம் என்றேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசையாக இருக்கிறது. நான் மறக்கவில்லை. பத்து மணிக்குச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்குள் அப்பாவின் சட்டத்தை மீறி எல்லா அறைகளுக்கும் ஹீட்டிங்கை உச்சத்தில் போட்டிருந்தேன். முன்னறை யன்னலிலிருந்த குமிழ் பிளாஸ்டிக்கை உரித்துச் சோபாவுக்குப் பின்னால் ஒளித்திருந்தேன். உரித்ததும் அந்த வழியால் குளிர் வரத் தொடங்கியது. இனித் துவாரத்தையும் திறந்தால் வீடு சூடேறுகிற கதையே இல்லை. திறக்காவிட்டால் நாக்கு வெளியே நிற்கும். கொஞ்சம் யோசித்துவிட்டு, வெளியே போய்ச் சேலை நுனியை விரலால் உள்ளே தள்ளினேன். பிறகு உள்ளே வந்து துவாரத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக அப்பாவின் அகல டேப்பை ஒட்டினேன். தெருவில் நின்று பார்த்தால் மற்ற வீட்டுக் கதவுகளைப் போல மரியாதையாக இருந்தது. ஒரு வருடமாக வராத கடிதம் இன்றைக்கா வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் துவாரத்தின் மூடி இரண்டு தரம் தட்டுப்பட்டது. நான் சமையலறையில் அம்மாவின் வாசனைத் திரவியத்தை என் சட்டைக்கு அடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது. விளம்பரத் தாள் போடுகிறவனாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, நினைக்க விரும்பினேன் என்பதே சரி.

தோழி வந்தாள். கடைசிவரை கோட்டைக் கழற்றவில்லை. ஒரு மணி நேரம் சோபாவில் கைகளைக் கோட்டுக்குள் இழுத்துவைத்துக்கொண்டு இருந்தாள், நல்ல வீடு என்று பெரியவர்கள் சொல்வதுபோலச் சொன்னாள், அவள் அம்மா காரோடு வந்ததும் போய்விட்டாள். நான் டேப்பை உரித்து, சேலை நுனியைப் பழையபடி வெளியே தள்ளி, பிளாஸ்டிக்கை நனைத்து ஒட்டி, ஹீட்டிங்கை நிறுத்தினேன். அப்பா எழும்பி வந்தபோது வீடு வழக்கமான குளிரில் இருந்தது. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சித்தப்பா பிற்பகல் மூக்கு சிவந்து வந்தார். கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை என்றே அப்போது நம்பினேன்.

"துணி எடுத்துவிட்டனியோ?"

"ஓம் சித்தப்பா."

இது பொய் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டரை வாரத்துக்குப் பிறகு குப்பைத் தொட்டியை இழுத்து வாசலில் வைக்கப்போன அப்பா, கையில் ஒரு உறையோடு திரும்பி வந்தார். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஈர இலைகளோடு கிடந்ததாம். போஸ்ட்மன் துவாரத்தில் தள்ளிப் பார்த்து முடியாமல் வாசற்படியில் வைத்திருக்க வேண்டும், காற்று இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். மை கரைந்திருந்தாலும் வாசிக்க முடிந்தது. நேர்முகத்துக்கான நாள் கழிந்து நாலு நாளாகியிருந்தது.

அப்பா கத்தத் தொடங்கினார். தபால்காரனை, நாட்டை, சேலையை, சேலையை அடைத்த அம்மாவை எல்லாம் ஏசினார். சித்தப்பா உறையை வாங்கி அதிலிருந்த தபால் முத்திரைத் தேதியை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தொலைக்காட்சியில் கண்ணை நட்டுக்கொண்டேன். என் காது இரண்டும் கொதித்தன.

"அண்ணை, நான்தான் ஒருநாள் துணி எடுக்க மறந்துபோனன்" என்றார்.

"உனக்கு இந்த நாட்டிலை இருந்த ஒரேயொரு வேலை அது" என்றார் அப்பா.

சித்தப்பா உறையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அம்மா மட்டும் அவருக்கு ஒரு தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தார். அது ஆறும்வரை அப்படியே இருந்தது.

எனக்கு அப்போது வந்தது பெரிய நிம்மதி. அதைச் சொல்லவே இன்று நா கூசுகிறது. சித்தப்பாவே மறந்துபோனேன் என்று சொல்லிவிட்டார், ஆகவே கடிதம் வந்தது அவர் மறந்த வேறொரு நாளில்தான், என்னுடைய வியாழக்கிழமையில் அல்ல என்று முடிவுகட்டினேன். குளிர்காலம் முழுவதும் அந்தப் படியில் நடுங்கிக்கொண்டிருந்த மனிதர் ஒருநாள் மறந்திருப்பாரா என்று நான் கேட்டுப் பார்க்கவேயில்லை. கேட்காமல் இருப்பது சுகமாக இருந்தது.

நேர்முகத்துக்குப் போகாத காரணத்தால் அவருடைய விண்ணப்பம் தள்ளுபடியானது. அப்பீல், சட்டத்தரணி, இன்னொரு அப்பீல் என்று அது இழுபட்டு, எல்லாம் சரிவந்து சித்தியும் மகளும் ஹீத்ரோவில் வந்து இறங்க நாலு வருடமாயிற்று. எனக்குப் பதினைந்து வயது. எல்லோருமாக இரண்டு காரில் போனோம். சித்தப்பா அந்த வருடங்களில் மெலிந்து, முன்தலை வழுக்கை விழுந்து, மீசையையும் எடுத்திருந்தார். அப்பாதான் அப்போது மீசையும் கன்னமுமாக, சித்தி மகளுக்குக் காட்டி வளர்த்த கலியாணப் படத்திலிருக்கிற சித்தப்பாவைப் போல இருந்தார்.

சித்தி தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். பக்கத்தில் ஏழு வயதுப் பெண்பிள்ளை, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, என் அப்பாவின் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பா வெட்கத்தோடு அவளை விலக்கி, அங்கே, அங்கே என்று சித்தப்பாவைக் காட்டினார். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா நீட்டிய கையை மடக்கிக்கொண்டு போய்ப் பெட்டிகளை எண்ணத் தொடங்கினார். அங்கே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். திங்கட்கிழமை பள்ளியில் அதை நடித்துக் காட்டியும் சிரித்தேன். எதைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.