கொரியப் படத்தின் நெற்றி

புதிதாக வந்த ஓவர்லாக் தையல் மெஷினை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்து, குனிந்து அடியிலும் ஒரு முறை பார்த்துவிட்டு, வீரன் அதன் நெற்றியைக் கண்டுபிடித்தார். ஊசிக்கு மேலே, பேர் எழுதிய தகட்டுக்கு ஒரு விரல்கடை தள்ளி. இடது உள்ளங்கையில் குழைத்து வைத்திருந்த சந்தனத்தை மோதிர விரலால் தொட்டு அங்கே அப்பினார். அதன் நடுவில் குங்குமம். இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி பார்த்தார்.

"இப்பத்தான் மொகமே வந்துருக்குது" என்றார்.

நெருப்பெரிச்சலில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் வீரன் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். நூல் கோன், பட்டன், ஜிப், லேபிள், அட்டைப்பெட்டி என்று எது உள்ளே வந்தாலும் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். பொட்டில்லாமல் அவரைத் தாண்டியவை காற்றும் கொசுவும் மட்டும்தான். ஃபேக்ஸ் மெஷினுக்கு நெற்றி கண்டுபிடிக்க அரை நாள் பிடித்தது. ஜெனரேட்டருக்கு வைத்த பொட்டு, அது உதறிய உதறலில் பூரான் மாதிரி நீண்டு, கால் முளைக்காத குறையாகக் கீழே இறங்கி வந்துவிட்டது. சரக்கு இறக்க வரும் லாரி டிரைவர்கள் அந்த வாசலில் மட்டும் கண்ணசருவதில்லை. அசந்தவர்கள் மங்களகரமாக எழுந்திருக்கிறார்கள்.

குங்குமம் பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மன் கோயிலுடையது. பழைய ஃபிலிம் டப்பா ஒன்றில் அடைத்துச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். மாலையில் சட்டையைத் துவைக்கப் போட்டால் மொத்த வாளியும் இளஞ்சிவப்பாகிவிடும். அவருடைய பனியன்கள் எல்லாமே அந்த நிறம்தான். திருப்பூரில் எந்தச் சாயப்பட்டறையாலும் அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று அவர் மனைவி மருதாள் சொல்வார். மருதாளுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, செக்கிங் மேஜையில்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கூரியரில் ஒரு நீளமான அட்டைக் குழாய் வந்தது. முதலாளி சரவணக்குமார் டில்லிக் கண்காட்சிக்குப் போயிருந்தார். வெளிநாட்டுக் கடிதங்களைப் படித்துப் பதில் போடும் மெர்ச்சண்டைசர் அனுசுயா, லீவில் திருச்செந்தூர் பக்கம் தன் ஊருக்குப் போயிருந்தாள். குழாயை வீரனே பிரித்தார். உள்ளே ஒரு கடிதமும் ஒரு பெரிய காகிதமும். காகிதத்தைத் துணி வெட்டும் மேஜையில் விரித்து நான்கு மூலையிலும் நூல் கோன் வைத்தார்.

சாம்பல் நிறத்தில் அகலமாக மூன்று பட்டை. மூன்றாவது பாதியிலேயே நின்றுவிட்டது. மேலே முழுக்க வெறும் வெள்ளை. சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வந்த ஆள் பாதியில் டீ குடிக்கப் போன மாதிரி இருந்தது. வீரன் யாரையும் குறை சொல்கிறவர் இல்லை. "செரி, மிச்சத்தப் பொறவு அடிப்பாங்களாட்டம் இருக்குது" என்று விட்டுவிட்டார்.

மறுநாள் பூஜை. மெஷின், தராசு, கத்தரிக்கோல், பூட்டு, தீயணைக்கும் சிலிண்டர் என்று வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவர் மேஜைக்கும் வந்தார். காகிதத்தின் முன் வெகுநேரம் நின்றார். அவர் வாழ்நாளில் நெற்றி தேடி இவ்வளவு திணறியதில்லை. கடைசியில் இரண்டாவது பட்டைக்கு மேலே, வெள்ளையில், கொஞ்சம் வலப்பக்கமாக அது தென்பட்டது. வைத்தார். முகம் வந்துவிட்டது.

மூன்று நாளில் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. காகிதம் குடித்தது குடித்ததுதான். மெல்லிய மஞ்சள் வளையமும் நடுவில் பாக்கு அளவு சிவப்பும் அங்கேயே தங்கிவிட்டன.

லீவு முடிந்து வந்த அனுசுயா கடிதத்தைப் படித்துவிட்டு வாயைப் பிளந்தாள். "அண்ணாச்சி, இது நம்மகிட்ட பனியன் வாங்குத கொரியா பையர் யூன் சார் முதலாளிக்கு அனுப்பின கிஃப்ட்டு. அவரோட தாய்மாமா பெரிய ஆர்ட்டிஸ்ட்டாம். கல்லுல வரைஞ்சு, மையத் தடவி, பேப்பர்ல ஒத்தி எடுக்கதாம், லித்தோகிராஃப்னு பேரு. எழுபத்தஞ்சே எழுபத்தஞ்சு எடுத்துட்டு அந்தக் கல்லத் தேச்சு அழிச்சிருவாவளாம். இது பன்னெண்டாவது. கீழ பாருங்க, பென்சில்ல நம்பர் போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்காவ."

"எழுவத்தஞ்சு பீசுக்கு ஆரு கண்ணு இத்தன மெனக்கெடுவாங்க? நம்மூர்ல ஏழாயிரத்துக்குக் கொறஞ்சு பிரிண்ட்டுன்னா போனையே எடுக்க மாட்டாங்க."

"அதான் அண்ணாச்சி அதுக்கு மதிப்பு. ஒலகத்துல யாரும் அதுல கை வைக்க முடியாதுல்லா."

வீரன் மோதிர விரலை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் டில்லியிலிருந்து வந்த சரவணக்குமார் படத்தைப் பார்த்ததும் நேராக அந்தச் சிவப்பில் போய் விழுந்தார். "வீரண்ணா, இந்தப் புள்ளியப் பாத்தீங்களா? மத்ததெல்லாம் சும்மா. இதுதான் படமே!" என்றார். கோயமுத்தூரில் தேக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்டுத் தன் அறையில் மாட்டினார். பாங்க் மேனேஜர் வந்தபோது அந்தப் புள்ளி சூரியனாக இருந்தது. ஆடிட்டருக்கு அது நெருக்கடிக்கு நடுவில் நிற்கும் தொழில். மாமியாருக்கு, "அது மனசுங்க அத்தை." சாம்பிள் கொடுக்க உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் வீரன் தான் வைத்த பொட்டுக்கு ஒரு புது அர்த்தம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

மருதாளிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். மருதாள் சிரித்த சிரிப்பில் சட்டியில் இருந்த ரசம் அதிர்ந்தது.

"இருவத்தாறு வருசமா எம்பட நெத்தியில பொட்டு இருக்குது. அது சூரியனா சந்திரனான்னு நீங்க ஒரு நாளாச்சுங் கேட்டிருப்பீங்களா மாமா?"

"சும்மா இருபுள்ள. தெரிஞ்சா வேல போயிரும்."

"போனா போவுது. ஊர்ஊராப் போயி படத்துக்கெல்லாம் பொட்டு வெய்யுங்க. நல்லா வருதாமல்ல."

மார்கழியில் யூன் வந்தார். குள்ளமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். டீயைக் கையில் வாங்கியவர் படத்தைப் பார்த்தார். டீ ஆறியது. கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டே போனார். சரவணக்குமார் சூரியனில் தொடங்கித் தொழில் வழியாக மனசு வரைக்கும் வந்தார். அனுசுயா எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லி முடித்தாள். யூன் முழுவதையும் கேட்டு, மரியாதையாகத் தலை குனிந்து வணங்கிவிட்டு, இரண்டே வாக்கியம் சொன்னார்.

அனுசுயா தரையைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். "இவுங்க மாமா சிவப்பே தொட மாட்டாவளாம் சார். நாப்பது வருசமாச்சாம்."

சரவணக்குமாரின் முகம் சாம்பல் பட்டைகளோடு நிறம் ஒத்துப்போனது. பிறகு சட்டென்று செல்போனை எடுத்தார். "ஃப்ரேம் போட்டவந்தான்! அவன்ற கடைய இன்னைக்கு ஒரு வழி பண்றேன்" என்று கோயமுத்தூர் எண்ணைத் தேடினார்.

வாசலில் சாம்பிள் பெட்டியோடு நின்ற வீரனுக்கு அந்த ஃப்ரேம்காரர் யாரென்றே தெரியாது. இருந்தாலும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அவரத் திட்டாதீங்க மொதலாளி. பொட்டு நான் வெச்சதுங்க."

"பொட்டா?"

"ஆயுத பூசை நோம்பியன்னைக்குங்க. புதுசா வந்துதுங்க. எல்லாத்துக்கும் வெச்சுப்போட்டு இத மட்டும் உட்டா, ஒதுக்கி வெச்ச மாதிரி இருக்குமேன்னுங்க."

அனுசுயா சொல்லச் சொல்ல யூன் வீரனையே பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த எடத்த எப்படித் தேர்ந்தெடுத்தீகன்னு கேக்காரு அண்ணாச்சி."

வீரனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "நெத்தி அங்கதானுங்களே இருக்குது?" என்றார்.

யூன் தன் செல்போனில் படத்தைப் படம் பிடித்துக்கொண்டார். மாமாவிடம் காட்டிக் கேட்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

சரவணக்குமார் கத்தவில்லை. கொங்கு நாட்டில் அதுதான் பெரிய தண்டனை. "வீரண்ணா, இப்பத்திக்குச் செக்கிங்குக்குப் போங்க. பதில் நல்லபடியா வந்தா மறுக்கா ஸ்டோர்ஸு. இல்லீன்னா செக்கிங்லயே இருந்துக்குங்க" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அன்று மதியமே வீரன், ஆயிரம் பனியன்களுக்கு நடுவில் உட்கார்ந்து பிசிறு நூல் வெட்ட ஆரம்பித்தார். மேஜைக்கு மேற்பார்வை மருதாள்.

"இந்தப் பீசுல ஆறு எடத்துல நூல் தொங்குது. திருப்பி வெட்டுங்க."

"அஞ்சுதான புள்ள இருக்குது?"

"இங்க புள்ள கிள்ளயெல்லாம் கூடாதுங்க. மேடம்னு சொல்லோணும்."

நாற்பது பெண்களும் கத்தரியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். வீரனும் சிரித்தார். ஆனால் ஸ்டோர்ஸ் பக்கம் லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாதி எழுந்து, நினைவு வந்து, மறுபடி உட்கார்ந்தார். புதுச் சரக்கெல்லாம் வெறும் நெற்றியோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது. பதினொரு நாளில் அவர் மூன்று கிலோ இளைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அவரிடம் இருந்ததே நாற்பத்தெட்டு.

பன்னிரண்டாம் நாள் மெயில் வந்தது. அனுசுயா அதைத் தாளில் எடுத்துக்கொண்டு செக்கிங்குக்கே வந்துவிட்டாள். பின்னால் முதலாளி. ஓவியர் எழுதியதை யூன் இங்கிலீஷில் போட்டிருந்தார். அனுசுயா தமிழில் வாசித்தாள். "பொட்டு வைத்தவருக்கு. அந்த இடம் காலியாக இருப்பதற்காக நான் மூன்று மாதம் வேலை செய்தேன். இப்போது அது காலியாக இல்லை. நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது என்னுடையது இல்லை. பொட்டு இருக்கட்டும், அல்லது என் கையெழுத்து இருக்கட்டும். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டாம். எதை அழிப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்."

கீழே யூன் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: மாமா சொன்னபடி செய்துவிடுங்கள்.

சரவணக்குமாருக்கு உயிர் வந்தது. "பொட்ட எடுத்துறலாம். மருதாக்கா இருக்கறப்ப என்ன கவல?" என்றார். அதில் தப்பில்லை. கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னை மருதாள் கையில் கொடுத்தால், கிரீஸ், வெற்றிலைச் சாறு, கிரைண்டர் எண்ணெய் எதுவும் நிற்காது. நிழல் விழுந்திருந்தால் அதையும் எடுத்துவிடுவார்.

மருதாள் கன்னைத் தொடவில்லை.

"பூசையில வெச்ச பொட்டுங்க அது. ஒரு பொம்பளைகிட்டப் போயி, பொட்ட அழின்னு சொல்றீங்களே மொதலாளி, நல்லாருக்குதுங்களா?"

சரவணக்குமார் அடுத்த மேஜையைப் பார்த்தார். அந்த மேஜைப் பெண்கள் அவசரமாக நூல் வெட்டத் தொடங்கினார்கள். நாற்பது பேரில் ஒருவரும் நிமிரவில்லை. கடைசியில் அவரே கன்னை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். படத்தின் கண்ணாடியைக் கழற்றினார். குறி வைத்தார். எதிரே அனுசுயாவின் நெற்றி, கதவோரம் மருதாளின் நெற்றி, சுவர்க் காலண்டரில் மகாலட்சுமியின் நெற்றி. கை இறங்கிவிட்டது.

"செரி. கையெழுத்த எடுத்துருங்க வீரண்ணா. எடுத்துப்போட்டு ஸ்டோர்ஸுக்குப் போங்க. லேபிள் வந்து வாசல்ல கெடக்குது."

அனுசுயா தன் மேஜையிலிருந்து ரப்பரை எடுத்துக் கொடுத்தாள். வீரன் வெளியே போய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவி, மின்விசிறிக்கு நேரே நீட்டிக் காய வைத்துக்கொண்டு வந்தார்.

"ஒருத்தரு பேர அழிக்கறதும் பாவந்தானுங்க" என்றார்.

"அவரேதான் சொல்லிட்டாருல்லா அண்ணாச்சி" என்றாள் அனுசுயா.

வீரன் குனிந்தார். குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி ரப்பரை வைத்து மெதுவாக இழுத்தார். புரியாத எழுத்தில் இருந்த பேர் ஒவ்வொரு கோடாகக் கரைந்தது. பக்கத்திலிருந்த நம்பரைத் தொடவில்லை. முடிந்தபோது அந்த இடத்தில் கறுத்த ரப்பர்த் துகள் ஒரு சிட்டிகை கிடந்தது. சரவணக்குமார் அதை ஊதிவிடக் கன்னத்தை உப்பினார்.

வீரன் சட்டென்று உள்ளங்கையைக் குறுக்கே வைத்தார். "ஊதாதீங்க மொதலாளி."

ஒரு துண்டுத் தாளை ஓரத்தில் வைத்து, ஒரு துகள் விடாமல் அதில் தள்ளினார். திருநீறு மடிப்பது போல் நான்காக மடித்து, இரண்டு கையாலும் அனுசுயாவிடம் நீட்டினார்.

"கொரியாவுக்குப் போற சாம்பிள் பொட்டிக்குள்ள வெச்சுரு கண்ணு. அவரு பேரு அவருகிட்டயே போயிச் சேரட்டும்."