செண்பகத்துக்கு வயிறு சரியில்லை

என் வீட்டுக்காரருக்குக் காலையில் கண் விழித்ததும் தெரிய வேண்டியது ஒன்றுதான். செண்பகம் எத்தனை தடவை லத்தி போட்டாள், அது கெட்டியா, இளக்கமா? செண்பகம் எங்கள் குதிரை. நான் காபியை ஆற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். மனுஷன் கொட்டகையில் குனிந்து, உருண்டைகளைக் குச்சியால் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். நகைக்கடைக்காரன்கூடத் தங்கத்தை அப்படி உரசிப் பார்க்க மாட்டான்.

அவர் பெயர் சுடலைமுத்து. இருபது வருஷம் லோடு ஆட்டோ ஓட்டியவர். தென்காசிக்கும் புளியறைக்குமாகக் காய்கறி ஏற்றி ஏற்றி இடுப்பு கெட்டுப்போன சமயத்தில், சிவகிரியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் இந்தக் குதிரையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வந்த குதிரை முன்னங்காலில் புண்ணோடு நின்றதாம். கல்யாணத்துக்குப் போனவர் சாப்பிடாமலே திரும்பி வந்தார். மறுவாரம் ஆட்டோ போய்விட்டது, குதிரை வந்துவிட்டது. "எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குன்னுதானே நினைக்கே?" என்றார். "நினைக்கல, தெரியும்" என்றேன்.

இலஞ்சியில் எங்கள் வீட்டில் வழிவழியாக மாடுதான். குதிரையைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? வந்த முதல் வாரம், இது அசை போடவே மாட்டேன் என்கிறதே என்று பதறிப்போய்க் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். குதிரை அசை போடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வாரம், நின்றுகொண்டே தூங்குகிறதே என்று ஓடினார். அது அப்படித்தான் தூங்கும் என்றார்கள். மூன்று வருஷம் ஆகியும் அவருடைய பயம் குறையவில்லை. சாரலில் அது ஒரு தும்மல் போட்டால் என் போர்வை கொட்டகைக்குப் போய்விடும். "நான் தும்மினா மெடிக்கல்ல ஒரு மாத்திரை, அவ தும்மினா போர்வையா?" என்று நான் குத்திக்காட்டாத நாள் கிடையாது. எனக்கு அதன் மேல் பொறாமை இருந்தது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. அவர் வெளியே போனால் நான் அதற்கு ஏதாவது தின்னக் கொடுப்பேன். கேரட் தோல், கீரைத்தண்டு, வெல்லக்கட்டி. அவர் முன்னால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவேன். வாயில்லா ஜீவன், அது நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது எத்தனை நாள் வீம்பு பிடிப்பது?

அன்றைக்கு அருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். குற்றாலத்துக்கு ஆள் வராது, செண்பகத்துக்குச் சவாரி கிடையாது. இவர் கொள்ளு வாங்கத் தென்காசிக்குப் போனார். பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் மதினிக்குப் பழக்கடை. அவள் ஒரு சாக்கு நிறைய, சுளை எடுத்த பலாப்பழத்தின் தோலும், சுளையைச் சுற்றியிருக்கும் நார்ச் சடையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சீசனில் எங்கள் ஊர் மாடுகளுக்கு அதுதான் விருந்து. மாட்டுக்கு ஆவது குதிரைக்கு ஆகாதா என்று ஒரு வாளி வைத்தேன். நொடியில் காலி. ஆசையாகத் தின்கிறாளே என்று இன்னொரு வாளி வைத்தேன்.

மூன்று மணிக்குச் செண்பகம் முன்னங்காலால் தரையைப் பறிக்க ஆரம்பித்தாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தாள். அப்புறம் தடாலென்று விழுந்து புரண்டாள். நான் போன் போட்ட கால் மணி நேரத்தில் அவர் வந்துவிட்டார். வண்டிக்கு ஸ்டாண்டு கூடப் போடவில்லை, அப்படியே சாய்த்துவிட்டு ஓடினார்.

"ஏட்டி, எப்பம் இருந்து இப்பிடி இருக்கா?"

"இப்பந்தான்" என்றேன். வாளி விஷயத்தை மறைத்துவிட்டேன்.

அவர் போன் பண்ணி, கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் சஃப்ரின் மழைக்கோட்டோடு வந்து இறங்கியது. சின்னப் பெண்தான், ஆனால் பதறவில்லை. வயிற்றின் இரண்டு பக்கமும் குழாய் வைத்துக் கேட்டது. வலது பக்கம் வெகுநேரம் கேட்டது.

"சத்தமே இல்ல அண்ணாச்சி. குடல்ல அடைச்சிருக்கு. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ள போனது பின்னாலதான் வரணும்."

"வரலைன்னா?"

டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்தது. "என்ன தின்னுச்சு?" என்று கேட்டது.

"புல்லு, கொள்ளு. வேற ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. காலையில நான்தான் வெந்நி கலக்காமப் பச்சத்தண்ணியக் குடுத்துட்டேன். பாவி, நான்தான் கெடுத்துட்டேன்." அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. "பலாச்சடை. ரெண்டு வாளி. நான்தான் குடுத்தேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டாக்டர் வலிக்கு ஊசி போட்டது. மூக்கு வழியாக நீளக் குழாயை விட்டு எண்ணெய் மருந்தை உள்ளே இறக்கியது. "மெதுவா நடத்துங்க, கீழ விழுந்து புரள விடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டது.

தெரு முனை வரைக்கும் நடை, திரும்பி வீடு, மறுபடி தெரு முனை. சாரல் விடவில்லை. நாலைந்து நடைக்கெல்லாம் அவருக்கு இடுப்பு பிடித்துவிட்டது. கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நொண்டிக்கொண்டே வந்தார். பிரசவ வார்டு வாசலில் கேட்பதுபோல் தெருவே கேட்டது: "போட்டுட்டாளா? இன்னும் போடலையா?" முப்பிடாதியம்மாள் மதினி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான் இசக்கியம்மனுக்குப் பொங்கல் நேர்ந்தேன். செண்பகத்தின் காதோரம், "எம்மா, நான் தெரியாமச் செஞ்சிட்டேன். அந்த மனுஷனுக்காகவாவது பிழைச்சுக்க தாயி" என்று கெஞ்சினேன்.

பொழுது சாயும் நேரம். தெரு முனையில் அவள் நின்றுவிட்டாள். இழுத்தேன், வரவில்லை. வாலைத் தூக்கினாள். பொத்து பொத்தென்று நாலு உருண்டை விழுந்தது.

"போட்டுட்டா! ஏட்டி, போட்டுட்டா!" ஐம்பது வயது மனுஷன் சேற்றில் மண்டியிட்டு அதை இரண்டு கையாலும் அள்ளினார். குச்சி தேடாமல் விரலாலேயே பிளந்து பார்த்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. டாக்டர் ஓடி வந்து வயிற்றில் குழாயை வைத்தது. "சத்தம் கேக்கு அண்ணாச்சி. இன்னும் வரணும், இன்னைக்குத் தீனி கிடையாது. ஆனா கண்டம் தாண்டிட்டா."

வீட்டு வாசலில், கயிற்றை விடாமலே, அவர் கை கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன். "இனிமே கொட்டகைப் பக்கமே வர மாட்டேன். என்னை ரெண்டு ஏச்சாவது ஏசுங்க" என்றேன்.

"நீ தீனி குடுக்கது எனக்குத் தெரியும்ட்டி. ரெண்டு வருசமாத் தெரியும். அடுக்களைக் கதவு சத்தம் கேட்டாலே கனைக்காளே, என்னையப் பாத்துக்கூட அப்பிடிக் கனைக்க மாட்டா."

"பெறவு ஏன் கேக்கல?"

"கேட்டா வீம்புக்கு நிப்பாட்டிருவ." கையைத் துண்டில் துடைத்தார். "என் இடுப்பு இப்பிடிக் கிடக்கு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, அவளுக்கு உன்னைய விட்டா யாரு இருக்கா?"

எனக்கு வந்தது கோபமா அழுகையா, தெரியவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, வாயைக் கழுவுங்க மொதல்ல" என்று செம்பை அவர் கையில் திணித்தேன். கயிற்றை வாங்கக் கை நீட்டினார். கொடுக்காமல் நானே அவளைக் கொட்டகைக்கு நடத்திக்கொண்டு போனேன்.