அவித்த மாவில் ஒரு லசான்யா

இந்த ஊரில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டே சாப்பாட்டைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வாய் திறந்தால் "கதையாமல் சாப்பிடு" என்று அதட்டு விழும். இங்கே இத்தாலியில், பலெர்மோவில், கீழ்வீட்டு சிஞ்ஞோரா பினா ஒரு வாய் வைத்ததும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் புருஷனோடு வாதாடத் தொடங்குவார். வழக்கு எப்போதும் ஒன்றுதான்: லசான்யாவுக்குள் என்ன போடுவது? லசான்யா என்பது, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், மெல்லிய மாத்தகடுகளை அடுக்கி, இடையிடையே தக்காளிக் குழம்பும் இறைச்சியும் பாற்கட்டியும் வைத்துப் போறணை அடுப்பில் வேகவைப்பது. சிஞ்ஞோரா இந்த ஊர்க்காரி. அவருக்கு ரிக்கொத்தா என்ற உதிரிப் பாற்கட்டியும் அவித்த முட்டையும் வேண்டும். புருஷன் கார்லோ வடக்கே பிறந்தவர். பாலும் மாவும் வெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சும் பெஷமெல்லா என்ற வெள்ளைக் கூழ் இல்லாவிட்டால் அவர் அதை லசான்யா என்றே ஒத்துக்கொள்ளமாட்டார். கலியாணம் முடித்து முப்பது வருடம். இன்னும் சமாதானம் வரவில்லை.

மூன்று வருடமாக அந்தச் சண்டையைப் பார்த்தபடி நானும் இவரும் அவர்களுடைய மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் ஒருநாளும் அவர்கள் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்து சாப்பிட்டதில்லை. நான் கறி கொண்டுபோய்க் கொடுத்தால் சிஞ்ஞோரா "நல்லது, நல்லது" என்று சொல்லி மூடி வைப்பார். உறைப்புக்குப் பயம். மேலே வாருங்கள் என்றால் "உனக்கு ஏன் சிரமம்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அதனாலேயே எனக்கு இன்னும் எரியும். எங்கள் வீட்டில் நாலு கதிரைகள். இரண்டில் இதுவரை ஒரு விருந்தாளி இருந்ததில்லை. எப்போதும் வாங்கிச் சாப்பிடுகிறவளாகவே இருந்தால் இந்த ஊரில் நான் யார்? போன மாசி மாதம் துணிந்து கேட்டேன்: "ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், நான் லசான்யா செய்கிறேன்." லசான்யா என்றதும் மறுக்க முடியாமல் போய்விட்டது. வருகிறோம் என்றார்கள்.

அடுத்த நிமிடமே எங்கள் வீட்டில் வழக்கு ஆரம்பமானது. இவர் என்றால் என் கணவர் சிவராசா, துணுக்காயில் வயல் செய்யும் கமக்காரக் குடும்பம். நான் முல்லைத்தீவுக் கரை, வேதக்காரக் கிறிஸ்தவப் பெண், அப்பா நாயாற்றில் வலை இழுத்தவர்.

"இஞ்சரும், மாட்டிறைச்சி மட்டும் போடாதையும். பிறகு நான் அந்தப் பக்கம் வரமாட்டன். கத்தரிக்காயைப் பொரிச்சுப் போடும்."

"கத்தரிக்காயை நம்பி ஆர் வருவினம்? நான் சூரை மீன் போடப்போறன்."

"உமக்கு எதுக்குள்ளையும் மீன்தான். கேக்குக்குள்ளையும் போடுவீர்."

இது புதிய சண்டை இல்லை. போரில் கரையிலிருந்து இடம்பெயர்ந்து நாங்கள் துணுக்காயில் கொட்டில் போட்டிருந்த காலத்தில்தான் இவரை முடித்தேன். கலியாணம் முடிந்த மற்ற நாள் மாமி குளத்து விரால் குழம்பு வைத்தா. நான் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் வைத்துவிட்டு, சேற்று மணம் என்று கோப்பையின் ஓரத்துக்குத் தள்ளினேன். புதுப்பெண்ணுக்கு அவ்வளவு வாய்க்கொழுப்பு. மாமி கோபிக்கவில்லை. "உங்கட கடல் மீன் பெரிய சீமான் வீட்டு மீனோ?" என்று மட்டும் கேட்டா. அன்றிலிருந்து ஒரே அடுப்படியில் இரண்டு சட்டிகள் ஏறின. ஒன்றில் அவர்களுடைய விரால், மற்றதில் என் கருவாடு. பிறகு ஒரு காலம் வந்தது. விராலும் இல்லை, கருவாடும் இல்லை, நிவாரணத்துக்கு வந்த கோதுமை மாதான் மிச்சம். அப்போது மட்டும் வீட்டில் ருசிச் சண்டையே இருக்கவில்லை.

அந்த மாவை மாமி ஒரு வழிபாடு மாதிரிச் செய்வா. துணியில் கட்டி, ஆவியில் அவித்து, சூட்டோடு உடைத்து, அரிதட்டில் அரித்து வைப்பா. அதில்தான் புட்டு, இடியப்பம். அவசரத்துக்கு ரொட்டி சுட்டால்தான் பச்சை மா. ஒருநாள் சொந்தக்காரர் வந்தபோது நான் ரொட்டிக்கு மா எடுத்தேன். மாமி என் கையைப் பிடித்துவிட்டா. "பிள்ளை, வீட்டை வந்த சனத்துக்குப் பச்சை மாவிலயோ குடுக்கிறது? வயித்தைப் பிடிச்சுக்கொண்டெல்லோ போவினம்! அவிச்சு அரிச்சுக் குடும்."

அந்தப் பேச்சு என் கைக்குள் போய் இருந்துவிட்டது போலும். கடையில் வாங்கிய மாத்தகட்டில் விருந்து வைப்பது வெட்கக்கேடு என்று சிஞ்ஞோரா அடிக்கடி சொல்வதைக் கேட்டிருக்கிறேன். செய்முறையும் அவரே சொன்னதுதான்: மாவும் முட்டையும் குழைத்து மெல்லிசாக உருட்டு. மாவை அவிக்காதே என்று அவர் சொல்லவில்லை. உலகத்தில் எந்த இத்தாலிக்காரிக்கு அதைச் சொல்லத் தோன்றும்? ஞாயிறு காலை வேளைக்கு எழும்பி, வந்த சனத்துக்குப் பச்சை மாவோ என்று நினைத்து, வீட்டில் இருந்த முக்கால் கிலோ மாவையும் துணியில் கட்டி அவித்து, அரித்து, ஆறு முட்டை ஊற்றிக் குழைத்தேன். போத்தலால் உருட்டினேன். மா ஒட்டவே இல்லை. தகடாக விரியாமல், தொட்ட இடமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னும் இரண்டு முட்டை ஊற்றினேன். இன்னும் உதிர்ந்தது. கடைகள் பூட்டு. அவர்கள் வர ஒரு மணித்தியாலம் இருந்தது. நான் நிலத்தில் குந்தி அழத் தொடங்கினேன்.

இவர் வந்து மாவை விரலால் கிளறிப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"இது லசான்யாவுக்கு வராது. புட்டுக்கு நல்லா வந்திருக்கு."

"பகிடி விடாதையுங்கோ."

"பகிடி இல்லையப்பா. புட்டும் அடுக்குத்தானே? மா, தேங்காய்ப்பூ, மா, தேங்காய்ப்பூ. தேங்காய்ப்பூவுக்குப் பதிலா உம்மட மீனைப் போடும்."

அன்றைக்கு அவரை நான் கட்டியதில் பிழையில்லை என்று நினைத்தேன். தகரப் பேணியின் விளிம்பால் மாவைச் சிறு மணிகளாகக் கொத்திக் கொடுத்தார். நான் ஆவியில் அவித்தேன். தட்டில் ஒரு படை புட்டு, அதன்மேல் சூரை, இன்னொரு படை புட்டு, அதன்மேல் கத்தரிக்காய், எல்லாவற்றுக்கும் மேல் தக்காளிக் குழம்பும் பாற்கட்டியும். போறணைக்குள் தள்ளிவிட்டு, சிலுவை அடையாளம் போட்டேன். இவர் பக்கத்தில் நின்று பிள்ளையாரைக் கூப்பிட்டார்.

வந்தார்கள். இரண்டு கதிரைகளிலும் இருந்தார்கள். சிஞ்ஞோரா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தகடு எங்கே?"

"மாவை அவித்தேன், சிஞ்ஞோரா."

"அவித்தாயா? ஏன், மாவுக்குக் காய்ச்சல் வருத்தமா?"

ஒரு வாய் வைத்தார். வழக்கம்போல் "நல்லது, நல்லது" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கரண்டி மேசையில் விழுந்தது.

"மீனுக்கு மேல் பாற்கட்டியா! எந்தக் கிறிஸ்தவ வீட்டில் இது நடக்கும்? முட்டை எங்கே? ரிக்கொத்தா எங்கே?"

"பெஷமெல்லா இருந்திருந்தால் இந்த மா பிடித்திருக்கும்" என்றார் கார்லோ, வாய் நிறையப் புட்டோடு.

"நீ வாயை மூடு! பெஷமெல்லா மீனுக்குள்ளா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். கையை ஆட்டி ஆட்டி, என்ன பிழை, எங்கே பிழை என்று மூச்சுவிடாமல் ஏசினார். ஏசிக்கொண்டே தன் கோப்பையை இரண்டாம் தரமும் நீட்டினார். "அடுத்த ஞாயிறு நான் ரிக்கொத்தாவோடு வருகிறேன். மாவைத் தொடாமல் இரு." எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடமாக என்னை மரியாதையாகப் புகழ்ந்த மனுஷி அன்றைக்குத்தான் என்னோடு சண்டை பிடித்தார். சொந்தப் புருஷனுக்குக் கிடைத்த ஏச்சு எனக்கும் கிடைத்தது. இவர் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார்.

சொன்னபடி அடுத்த ஞாயிறு வந்தார். வரும்போது ஒரு மாப்பேணியும் கொண்டுவந்து, "லசான்யாவுக்கு" என்று இத்தாலிய மொழியில் எழுதி ஒட்டி, எங்கள் குசினி அலுமாரித் தட்டில் வைத்தார். அதில் பச்சை மா. அதற்குப் பக்கத்தில் என்னுடைய பழைய பேணி, "அவித்தது" என்று தமிழில் எழுதியிருக்கிறது. பார்வைக்கு இரண்டு மாவும் ஒரே வெள்ளைதான். விரலால் நசித்துப் பார்த்தால்தான் எது ஒட்டும், எது உதிரும் என்று தெரியும். சில காலைகளில் என்ன சமைக்க வந்தேன் என்பதை மறந்து, இரண்டு பேணிகளையும் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கை அதிலும் ஒரு கை இதிலுமாக நிற்கிறேன்.