உப்பளச் சாலையில் நின்றுவிடும் வண்டி

முதலில் ஆக்ஸிலேட்டர் சொன்ன பேச்சைக் கேட்காது. எவ்வளவு முறுக்கினாலும் வேகம் ஏறாது. பிறகு எஞ்சின் சத்தம் மெலியும், வண்டி இரண்டு முறை குலுங்கும், ஓரமாய்ப் போய் நின்றுவிடும். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில், இருபுறமும் உப்புப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் அது நடக்கும். பி.டி. மிஸ் காலை ஊன்றிக்கொண்டு, "வந்துட்சி நம்ம ஸ்டாப்பிங்கு, எறங்கு மிஸ்" என்பார். இன்றைக்கும் அந்தச் சாலையில் போகும்போது அந்தக் குரல் என் காதில் கேட்கிறது.

கேளம்பாக்கத்துக்கு மேற்கே உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்னப் பள்ளியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, அவர் விளையாட்டு ஆசிரியை. மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் அவர் வீடு. அவருடைய அப்பா ஓட்டிய பழைய பைக்கை அவர் ஓட்டுவார். நான் பின்னால் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்போதுதான் என் மகள் கவிழ்ந்து படுக்கத் தொடங்கியிருந்தாள். கணவருக்கு ஷிப்ட் வேலை. பகலெல்லாம் குழந்தையை என் மாமியார்தான் பார்த்துக்கொண்டார். பாட்டிலை வாயில் வைத்தால் நாலு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுத் துப்பிவிடுவாள். நான் போய்த்தான் பசியாற்ற வேண்டும். சாயங்காலம் திரும்பும் வழியில் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அவள் அழுகை நீண்டது.

"அரையாண்டுப் பரீட்சையோட நின்னுடும்மா. புள்ள கத்திக் கத்தித் தொண்ட கட்டிகினு கீது. என்னால பாக்க முடில," என்று ஒருநாள் மாமியார் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என் கஷ்டமே. வேலையை விட மனமில்லை. விடாமல் இருப்பது சரிதானா என்றும் தெரியவில்லை. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது அழும் குழந்தை நினைவுக்கு வரும். வீட்டில் பால் கொடுக்கும்போது திருத்தாத நோட்டுகள் நினைவுக்கு வரும்.

வண்டிக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தோம். பிளக்கை மாற்றினோம். கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னதால் பெட்ரோல் போடும் பங்க்கை மாற்றினோம். மெக்கானிக் டேங்கைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிவருவார். "வண்டி குதிர மாறி ஓடுதுக்கா. நீங்க ரெண்டு பேரும் பயந்துகினே ஓட்டறீங்க, அதான்" என்பார். "அண்ணாத்த, நீ ஒருநாள் பின்னால குந்திகினு வா. உப்பளத்துல உன்ன எறக்கி வுட்டு வரேன்" என்று பி.டி. மிஸ் பதில் கொடுப்பார்.

நிற்கும்போதெல்லாம் அவர் செய்வது ஒன்றுதான். டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, பெட்ரோல் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். மூடுவார். வண்டி ஆறட்டும் என்று கொஞ்சம் காத்திருப்போம். அந்த நேரத்தில் பால் கசிந்து என் ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அதைக் கவனித்தும் கவனிக்காதவர்போல அவர், தலைமையாசிரியை விசில் ஊதத் தெரியாமல் ஊதியதை நடித்துக் காட்டுவார். அழுதுகொண்டே சிரித்திருக்கிறேன். பிறகு உதைத்தால் வண்டி கிளம்பிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் விடாப்பிடியாகக் குழந்தைக்குப் பாட்டிலில் பால் புகட்டிக்கொண்டிருந்தார். குழந்தை உறிஞ்ச உறிஞ்ச ரப்பர் காம்பு உள்ளே ஒட்டிக்கொண்டு சப்பையாகிவிட்டது. வீறிட்டாள். "இன்னாடீ இது, பால் எறங்கவே இல்ல" என்று மாமியார் பாட்டில் மூடியைச் சற்றுத் தளர்த்தினார். காற்றுக் குமிழ்கள் குபுகுபுவென மேலேறின, காம்பு நிமிர்ந்தது. மறுபடி வாயில் வைத்ததும் குழந்தை மடமடவென்று குடித்தாள். மாமியாரின் முகம் மலர்ந்தது. நானோ பாட்டிலைப் பார்த்தபடி டேங்க் மூடியை நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் வண்டி நிற்பதே இல்லையே, வழியில் பெட்ரோல் போட மூடியைத் திறப்பதாலா? மெக்கானிக்கிடம் ஒருநாளும் நிற்காதது அதனாலா?

மறுநாள் சாயங்காலம் உப்பளத்தில் வண்டி நின்றபோதும் சொல்லத் தயங்கினேன். வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

"மிஸ், தப்பா நெனச்சிக்காதீங்க. இன்னிக்கு மூடியத் தொறக்காமயே உதைச்சிப் பாருங்களேன்."

"பெட்ரோலு கீதான்னு பாக்க வேணாமா?"

"காலைலதானே போட்டோம்."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உதைத்தார். உறுமிவிட்டு அணைந்தது. கொஞ்சம் நின்று மறுபடி உதைத்தார். அதே கதை. நேரத்தை வீணாக்கிவிட்டேனே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு அவர் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது.

"யம்மா! மூச்சு வுடுது மிஸ்!" என்று கத்தினார். முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது.

மூடியின் சாவித் துளைக்குப் பக்கத்தில் டேங்குக்குள் காற்றுப் போக ஊசியளவு ஓட்டை ஒன்று இருந்தது. அதன்மேல் சந்தனமும் குங்குமமும் கல்லாய் இறுகியிருந்தன. ஆயுத பூஜையன்று பள்ளி ஆயாம்மா, வேனுக்கு வைத்த கையோடு டீச்சர்கள் வண்டிக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தார். அதற்குப் பிறகு பி.டி. மிஸ் எத்தனையோ முறை வண்டியைக் கழுவியிருக்கிறார், அந்தப் பொட்டை மட்டும் தொடாமல் சுற்றிலும் துடைத்திருக்கிறார்.

"நான் சர்ச்சுக்குப் போறவ. தொடைச்சா அதனாலன்னு அந்தம்மா நெனச்சிக்கும்ல? ஆசையா வச்சது" என்றார். என் புடவையிலிருந்த ஊக்கை வாங்கி ஓட்டையைக் குத்தி எடுத்தார். மறு வருஷம் பொட்டு வைக்க வந்த ஆயாம்மாவிடம், "மூடி மேல வேணாம்மா. லைட்டு மேல நல்லா பெருசா வையி, ஊரே பாக்கட்டும்" என்று, பொட்டு தனக்கே என்பதுபோல் தலை குனிந்து நின்றார்.

ஊக்கால் குத்தியெடுத்த அன்று, அதற்குப் பிறகு வண்டி வழியில் எங்கும் நிற்கவில்லை. வாசலில் இறங்கியதும் உள்ளே ஓடினேன். மாமியார் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலிப் பாட்டில்.

"ஷ்ஷ். முழுசா குடிச்சிட்சி. எழுப்பாத. நீ மூஞ்சி கழுவிகினு சாப்புடு. வேலைய வுட வேணாம், நான் பாத்துக்கறேன்."

அதைக் கேட்கத்தானே அத்தனை நாளும் ஏங்கினேன்? குளியலறைக்குள் போய், கட்டியிருந்த பாலைப் பிழிந்து கொட்டிவிட்டு, எதற்கென்று தெரியாமல் அழுதேன்.

பி.டி. மிஸ் கல்யாணமாகிச் செய்யூர்ப் பக்கம் போய்விட்டார். நான் அதே பள்ளிக்கு என் ஸ்கூட்டரில் போகிறேன். புது வண்டி, எங்கும் நிற்பதில்லை. மகளும் அங்கேயே படிக்கிறாள். பள்ளி முடிந்ததும் வேனில் வீட்டுக்குப் போய்விடுவாள். மீட்டிங் இருக்கிறது, தாமதமாகும் என்று போன வாரம் ஒருநாள் காலையில் சொன்னேன். "மெதுவா வாம்மா, பாட்டி இருக்காங்கல்ல" என்றாள், ஷூவை மாட்டியபடி.

அன்று திரும்பும்போது உப்பளத்தில் வெயில் சாய்ந்திருந்தது. அங்கே நின்ற நாட்களில் என்னைப்போல் தவித்தவள் யாருமில்லை என்று நினைத்திருந்தேன். என்னால் மட்டுமே ஆற்றக்கூடிய ஒரு பசி வீட்டில் காத்திருந்த காலம் அது. வழக்கம்போல் வேகமாகத்தான் ஓட்டினேன். அவசரம் எதுவும் இருக்கவில்லை.